டர்பன் தெருக்களில் ஹானர்ஸ் செமினார்: முதன்முறையாக நடத்தப்போகிறவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவில் ஹானர்ஸ் என்பது மூன்றாண்டு இளங்கலை முடித்தபின் படிக்கும் ஓராண்டுப் பட்டம். அமெரிக்கக் கல்லூரிகளில் அப்படி இல்லை. இளங்கலை படித்துக்கொண்டிருக்கும்போதே, கூடுதலாக உழைக்கத் தயாரான மாணவர்களைப் பொறுக்கியெடுத்து நடத்தும் சிறு வகுப்புகளை அங்கே அப்படிச் சொல்வார்கள். இரண்டு இடத்திலும் செமினார் என்றால் மேசையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர், விரிவுரை கேட்டுக் குறிப்பெடுப்பதோடு திருப்தி அடையாதவர்கள். நகரத்தையே பாடமாக்கும் முறை அந்த அமெரிக்க வகுப்புகளிலிருந்து வந்தது. 'சிட்டி ஆஸ் டெக்ஸ்ட்' என்ற பெயரில் 1970-களிலிருந்து அங்கே நடக்கிறது. மாணவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஊருக்குள் விட்டுவிடுவார்கள். வரைவது, பார்ப்பது, கேட்பது, யோசிப்பது என்று நான்கு வேலைகள். மாலையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள்.

டர்பனில் அதைச் செய்யப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பல்கலைக்கழக வேலைக்கு வந்தவராக இருக்கலாம். டர்பனின் இந்தியர் குடியிருப்பான சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்து, இந்த ஆண்டுதான் முதல் வகுப்பைக் கையில் வாங்கியவராகவும் இருக்கலாம். வரலாறு, சமூகவியல், புவியியல், கட்டடக்கலை என்று எந்தத் துறைக்கும் இது ஒத்துவரும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊரைக் காட்ட செயலி தேவையில்லை, கால் போதும். ஒரே தெருவில் நடந்த பத்துப் பேர் பத்து விதமாகப் பார்த்திருக்கிறார்கள் என்பதைத் திரையில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் காட்டத்தான் செயலி வேண்டும். அப்போது கிளம்பும் வாக்குவாதம்தான் செமினார். கீழே உள்ள ஒவ்வொரு படியும் அந்த வாக்குவாதத்தை நோக்கித்தான் போகிறது.

முதல் படி: இடத்தை அல்ல, கேள்வியைத் தேர்ந்தெடுங்கள்

"டர்பனில் இந்தியர் வரலாறு" என்று தலைப்புக் கொடுத்தால் மாணவர்கள் இணையத்தில் படித்ததையே திருப்பி எழுதித் தருவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, கேள்வியே இல்லையே. தெருவில் இறங்கினால்தான் பதில் தேட முடியும் என்கிற கேள்வியாகப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. 1947 மார்ச்சில் மூன்று மருத்துவர்கள் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள்: ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் ஏ.பி. சூமா, டிரான்ஸ்வால் இந்தியக் காங்கிரஸின் யூசுப் தாதூ, நேட்டால் இந்தியக் காங்கிரஸின் மான்ட்டி நாய்க்கர். ஆப்பிரிக்கரும் இந்தியரும் சேர்ந்து போராடுவது என்பது அந்த உடன்பாடு. இன்று மூவர் பெயரிலும் டர்பன் நகர மையத்தில் தெரு இருக்கிறது. பழைய கிரே தெருதான் யூசுப் தாதூ தெரு. பைன் தெரு மான்ட்டி நாய்க்கர் சாலையாகியிருக்கிறது. கமர்ஷியல் சாலை சூமா தெருவாகியிருக்கிறது. பக்கத்திலேயே, இந்த ஊரில் மருத்துவம் பார்த்துச் சிறைக்கும் போன தமிழ்ப் பெண் டாக்டர் கூனம் பெயரிலும் ஒரு தெரு உண்டு, முன்பு பிரின்ஸ் எட்வர்ட் தெரு. இந்தத் தெருக்களில் கடை வைத்திருப்பவர்களுக்கும் நடந்துபோகிறவர்களுக்கும் இவர்கள் யார் என்று எவ்வளவு தெரியும்? பழைய பெயரை யார் சொல்கிறார்கள், புதிய பெயரை யார் சொல்கிறார்கள்? வயதா, மொழியா, தொழிலா, எது அதைத் தீர்மானிக்கிறது? இந்தக் கேள்விக்கு விக்கிப்பீடியாவில் விடை கிடையாது.

இன்னொன்று. 1903-இல் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை தொடங்கியது. ஆங்கிலம், குஜராத்தி, இந்தி, தமிழ் நான்கிலும் வந்தது. அதே ஆண்டில் ஜான் டூபே 'இலாங்கா' என்ற ஜூலு பத்திரிகையைத் தொடங்கினார். 1904-இல் காந்தி அமைத்த பீனிக்ஸ் குடியிருப்பும் டூபேயின் ஓஹ்லாங்கே பள்ளியும் டர்பனுக்கு வடக்கே இனாண்டாவில் நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கின்றன. 1994-இல் மண்டேலா வாக்களித்தது அந்தப் பள்ளியில்தான். இவ்வளவு அருகில் இருந்த இரண்டு அச்சுக்கூடங்கள் ஒன்றையொன்று எவ்வளவு கண்டுகொண்டன? பழைய இதழ்களையும் நிலத்தையும் சேர்த்து வாசித்தால்தான் இது பிடிபடும்.

ஒரு பருவத்துக்கு ஒரு கேள்வி போதும்.

இரண்டாம் படி: பாதையை நீங்களே நடந்து பாருங்கள்

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது வார்விக் சந்திப்பும் கிரே தெரு வட்டாரமும்தான். இரண்டும் ஒட்டியே இருக்கின்றன. காலை முழுக்க நடந்தாலும் பேருந்து தேவைப்படாது.

வார்விக்கில் பெரியா (Berea) ரயில் நிலையம், மினிபஸ் டாக்ஸி நிறுத்தங்கள், அவற்றைச் சுற்றி ஒன்பது சந்தைகள். தினமும் நான்கு லட்சம் பேருக்கு மேல் இதன் வழியாகப் போய்வருகிறார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. விடிகாலைச் சந்தை 1910-இல் இந்தியக் காய்கறித் தோட்டக்காரர்களுக்காகத் தொடங்கியது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்து, ஒப்பந்தம் முடிந்து நிலம் பிடித்துக் கீரையும் கத்திரிக்காயும் பயிரிட்டவர்கள் இரவோடிரவாகக் கூடை சுமந்து வந்து விற்ற இடம். இன்றும் கறிவேப்பிலைக் கட்டு வாங்க அங்கே போகலாம். 2009-இல் அந்த இடத்தில் வணிக வளாகம் கட்ட நகராட்சி திட்டம் போட்டது. சந்தைக்காரர்கள், இந்தியரும் ஆப்பிரிக்கரும் சேர்ந்து, எதிர்த்து நின்றார்கள். வளாகம் வரவில்லை. உங்கள் கேள்வி எதுவாக இருந்தாலும் இந்தக் கதை எங்காவது ஒரு முனையில் வந்து தொடும்.

மேலே, கட்டி முடிக்காமல் விடப்பட்ட மேம்பாலத்தின்மேல் முத்திச் சந்தை. 'முத்தி' என்றால் ஜூலு நாட்டு மருந்து. வேர், பட்டை, மூலிகை, விலங்கு உறுப்புகள் எல்லாம் அங்கே. கீழே புரூக் தெருக் கல்லறைத் தோட்டத்தில் பாட்ஷா பீர் தர்கா. ஒப்பந்தக் கூலியாக வந்த சூஃபி என்று அவரைச் சொல்வார்கள். முஸ்லிம்கள் மட்டுமல்ல, தமிழ் இந்துக்களும் அங்கே வேண்டுதல் வைக்கிறார்கள். அங்கிருந்து கிரே தெருவுக்கு நடந்தால் ஜும்மா மசூதி, இம்மானுவேல் கத்தீட்ரல், இரண்டுக்கும் நடுவே மதராசா ஆர்கேட் என்ற கூரையிட்ட கடைச் சந்து. இன்னும் கொஞ்சம் தள்ளி குவாமூலே அருங்காட்சியகம். ஒருகாலத்தில் ஆப்பிரிக்கர்களுக்கு நகரத்தில் இருக்க அனுமதிச் சீட்டு கொடுத்த அலுவலகம் அது. சோளக் கள் காய்ச்சி விற்கும் ஏகபோகத்தை நகராட்சியே வைத்துக்கொண்டு, அந்த வருமானத்தில் ஆப்பிரிக்கர்களைக் கட்டுப்படுத்தும் நிர்வாகத்தை நடத்தியது. 'டர்பன் முறை' என்று மற்ற ஊர்களும் அதைப் பார்த்துக் கற்றுக்கொண்டன.

நேரம் முக்கியம். விடிகாலைச் சந்தையைப் பதினோரு மணிக்குப் போய்ப் பார்த்தால் பாதிதான் தெரியும். வெள்ளிக்கிழமை நண்பகலில் மசூதிப் பக்கம் கூட்டம் நெரியும்; பார்க்க வேண்டிய காட்சி, ஆனால் பேட்டி எடுக்க ஆகாத நேரம். மாதக் கடைசியில் சம்பளம் வந்த வாரத்தில் தெருவே வேறு மாதிரி இருக்கும். ஒரே பாதையை வேறு வேறு கிழமைகளில், வேறு வேறு நேரங்களில் தனியாக நடந்து பார்த்த பிறகு மாணவர்களைக் கூட்டிப்போங்கள்.

வார்விக்கில் தெருவோர வியாபாரிகளோடு வேலை செய்யும் 'அசியே எடாஃபுலேனி' என்ற அமைப்பு சந்தைச் சுற்றுக்கு ஏற்பாடு செய்கிறது. முதல் ஆண்டில் அவர்களோடு போவது நல்லது. காசு கொடுத்துத்தான் போக வேண்டும். பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறோம் என்று சலுகை கேட்காதீர்கள். நமக்கு அது பாடம், அவர்களுக்கு அது பிழைப்பு.

மூன்றாம் படி: அனுமதிகள்

சலிப்பூட்டும் வேலைதான், ஆனாலும் இதை முடிக்காமல் ஒருவரையும் வெளியே அனுப்பாதீர்கள். மனிதர்களிடம் பேட்டி எடுப்பதாக இருந்தால் பல்கலைக்கழக அறநெறிக் குழுவின் ஒப்புதல் வேண்டும். வகுப்புப் பயிற்சிக்கு மட்டும் என்றாலும் வேண்டுமா என்று பருவம் தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆகலாம்.

தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் இங்கே 2021 ஜூலையிலிருந்து முழுவீச்சில் அமலில் இருக்கிறது. 'போப்பியா' என்றுதான் அலுவலகங்களில் சொல்வார்கள். ஒருவருடைய இனம், மதம், உடல்நலம், அரசியல் சார்பு ஆகியவற்றுக்கு அதில் தனிப் பாதுகாப்பு உண்டு. கிரே தெருவில் யாரிடம் எதைக் கேட்டாலும் இவற்றில் ஒன்று வந்துவிடும். ஆகவே ஒப்புதல் படிவம் ஆங்கிலத்திலும் ஜூலுவிலும் இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். படிவத்தை நீட்டினாலே பயப்படுகிறவர்கள் உண்டு. அவர்களிடம் வாய்மொழி ஒப்புதலைப் பதிவு செய்யலாமா என்பதையும் அறநெறிக் குழுவிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முத்திச் சந்தையில் கேட்காமல் படம் எடுக்கக் கூடாது. இதற்கு விதிவிலக்கே கிடையாது.

நான்காம் படி: முதல் நடை, போன் இல்லாமல்

இதில்தான் இன்றைய மாணவர்கள் முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை. மூன்று மூன்று பேராகப் பிரியுங்கள். ஒரு குழுவுக்கு ஒரு போன், அது பையின் அடியில், அவசரத்துக்கு மட்டும். வார்விக்கில் போனைக் கையில் பிடித்துக்கொண்டு திரை பார்த்து நடப்பது பறிகொடுப்பதற்கு நேர்வழி என்பதும் ஒரு காரணம். ஆனால் அது இரண்டாவது காரணம்தான். கேமரா கையில் இருந்தால், படம் எடுத்தாகிவிட்டது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கண் ஓய்ந்துவிடுகிறது.

ஒவ்வொருவருக்கும் கெட்டி அட்டை, வெள்ளைத்தாள், பென்சில். வரைபடம் அவர்களே கையால் போட வேண்டும். அளவு சரியாக இருக்க வேண்டியதில்லை. இந்தக் கேள்விகளைக் கொடுத்து அனுப்புகிறேன்: யார் நிற்கிறார்கள், யார் நகர்கிறார்கள்? நிழல் யாருக்குக் கிடைக்கிறது? எந்த மொழி எந்த மூலையில் கேட்கிறது? உங்களை யார் கவனித்தார்கள், யார் கவனிக்கவில்லை? எங்கே நடையை வேகப்படுத்தினீர்கள், ஏன்?

கடைசிக் கேள்விதான் நான் கண்டவரையில் அதிகம் விளைச்சல் தருவது. இந்தியர் குடியிருப்பான பீனிக்ஸிலிருந்து வரும் இந்திய மாணவி வேகமாகக் கடந்த அதே இடத்தில், ஆப்பிரிக்கர் குடியிருப்பான உம்லாசியிலிருந்து வரும் ஜூலு மாணவர் நின்று சோளக்கதிர் வாங்கித் தின்றிருப்பார். மசூதி வாசலில் கதை தலைகீழாகலாம். இதை எழுதச் சொல்லுங்கள். உடனே பேசச் சொல்லாதீர்கள்.

ஒரு வேலை எல்லாக் குழுக்களுக்கும் பொது. ஒரே முனையில் பதினைந்து நிமிடம் அசையாமல் நின்று, கடந்துபோகிறவர்களை ஏதாவது ஒரு கணக்கில் எண்ண வேண்டும். சுமையோடு போகிறவர்கள், குழந்தையோடு போகிறவர்கள், எதை வேண்டுமானாலும் எண்ணலாம். முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் பலருக்குத் தெரியும்.

பேசப் போனால் வணக்கம் சொல்லித்தான் தொடங்க வேண்டும். "சவுபோனா" என்று சொல்லி, பதில் வந்து, நலம் விசாரித்த பிறகே விஷயம். நேரே கேள்விக்குப் போவது இங்கே மரியாதைக் குறைவு. வயதான இந்தியர்களை "அங்கிள்", "ஆன்ட்டி" என்றுதான் கூப்பிட வேண்டும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் "சார்", "மேடம்" என்றால் வரி வசூலிக்க வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

ஐந்தாம் படி: இரண்டாம் நடை, கருவிகளோடு

ஒரு வாரம் கழித்து அதே பாதை. இப்போது போனுக்கு அனுமதி, அதுவும் குழுவுக்கு ஒன்றுதான். ஒருவர் பதிவு செய்வார், ஒருவர் பேசுவார், ஒருவர் சுற்றுமுற்றும் கவனிப்பார். முறை மாற்றிக்கொள்ளலாம்.

தகவல் சேகரிக்க கோபோ டூல்பாக்ஸ் என்ற படிவச் செயலி போதும். இலவசம், ஆண்ட்ராய்டில் ஓடும், இணையம் இல்லாத இடத்திலும் படிவத்தை நிரப்பி வைத்துக்கொண்டு பிறகு அனுப்பலாம். டேட்டா விலை இங்கே மாணவர்களுக்குப் பெரிய சுமை. "வீட்டில் போய் ஏற்றிவிடு" என்று சொல்வதே சிலருக்கு ஒரு நாள் சாப்பாட்டுக் காசைக் கேட்பதாகும். படிவத்தையும் வரைபடத்தையும் வளாக வைஃபையில் முன்கூட்டியே இறக்க வையுங்கள். திரும்பி வந்து வளாகத்திலேயே ஏற்றச் சொல்லுங்கள். மின்வெட்டுக் காலமாக இருந்தால் அன்றைய அட்டவணையைப் பார்த்து நாளைக் குறியுங்கள், போன்களை முந்தின இரவே சார்ஜ் போடச் சொல்லுங்கள். இணையமில்லாத வரைபடத்துக்கு ஆர்கானிக் மேப்ஸ் நன்றாக இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தகவலை வைத்து இயங்குவதால், விடுபட்டதையும் தவறாக இருப்பதையும் மாணவர்கள் கண்டுபிடிக்கலாம். அதுவே ஒரு பயிற்சி.

படிவத்தில் ஐந்தாறு கேள்விக்கு மேல் வைக்காதீர்கள். இடம், நேரம், பார்த்தது, கேட்டது, ஒரு படம், கடைசியாக "எனக்கு உறுதியாகத் தெரியாதது" என்று ஒரு கட்டம். அந்தக் கடைசிக் கட்டத்தைக் கட்டாயமாக்குங்கள். ஆர்கேடுகளுக்குள்ளும் உயரமான கட்டடங்களுக்கு நடுவிலும் ஜி.பி.எஸ் புள்ளி தெரு தாண்டிக் குதிக்கும். புள்ளியைக் கையால் நகர்த்திச் சரிசெய்யக் கற்றுக்கொடுங்கள். இல்லாவிட்டால் மதராசா ஆர்கேடில் துணி விற்பவர் கத்தீட்ரல் பலிபீடத்தில் உட்கார்ந்திருப்பார்.

ஆறாம் படி: மேசைமேல் போடுங்கள்

யூமேப் என்ற இணைய வரைபடத் தளத்தில் குழுவுக்கு ஒரு நிறம், ஓர் அடுக்கு. கணக்குத் தொடங்காமலேயே பயன்படுத்தலாம். கையால் வரைந்த வரைபடங்களையும் படமெடுத்துச் சுவரில் காட்டுங்கள். முதலில் அடுக்குகளை ஒவ்வொன்றாக, பிறகு எல்லாவற்றையும் சேர்த்து.

இப்போது நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. திரையில் புள்ளிகள் குவிந்த இடமும், யாருமே புள்ளி வைக்காத இடமும் தெரியும். "ஏன் இந்தத் தெரு வெறுமையாக இருக்கிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், போதும். ஒருவர் அங்கே ஒன்றும் இல்லை என்பார். இன்னொருவர், எங்கள் அத்தை அங்கேதான் தையல் கடை வைத்திருக்கிறார் என்பார். சூடு பிடிக்கும். நிலைமை முற்றினால் மட்டும் தலையிடுங்கள்.

முற்றக்கூடிய விஷயம் எது என்று தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். 1949 ஜனவரியில் இந்த வட்டாரத்தில் ஓர் இந்தியக் கடைக்காரருக்கும் ஓர் ஆப்பிரிக்கப் பையனுக்கும் நடந்த தகராறு பெருங்கலவரமாகி, இந்தியரும் ஆப்பிரிக்கரும் அருகருகே வாழ்ந்த கேட்டோ மேனர் வரை பரவியது. 142 பேர் இறந்தார்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் பீனிக்ஸில் நடந்த கொலைகள் இன்னும் ஆறாத புண். உங்கள் மேசையில் இரு தரப்புக் குடும்பத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருக்கலாம். குழுக்களை நண்பர் நண்பராக அமைய விடாமல் நீங்களே கலந்து போடச் சொல்வதும் அதனால்தான். பாதையை உங்களோடு நடந்து முடித்தபின், குறிப்பேடு கையில் இருக்கும்போது, இந்தப் பேச்சு வேறு தரத்தில் நடக்கிறது. "உங்கள் ஆட்கள்" என்று தொடங்கும் வாக்கியம் குறைந்து, "நான் நின்ற முனையில்" என்று தொடங்குவது கூடுகிறது.

வரைபடத்தை வெளியே பகிர்வதற்கு முன் ஒன்று. தெருவோரக் கடைக்காரர்களில் உரிமம் இல்லாதவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்து ஆவணம் சரியாக இல்லாதவர்கள் இருப்பார்கள். அவர்களுடைய துல்லியமான இடத்தைப் புள்ளி வைத்து இணையத்தில் போடுவது காட்டிக்கொடுப்பதற்குச் சமம். வெளியிடும் பதிப்பில் புள்ளிகளைத் தெரு அளவுக்கு மங்கலாக்குங்கள்.

ஏழாம் படி: பழைய படத்தைப் புதிய தரையில் பொருத்துவது

இதைச் செய்ய நேரம் இருந்தால் செய்யுங்கள். என் கணக்கில் செமினாரின் உச்சம் இதுதான்.

கேப் டவுனின் மௌபிரேயில் உள்ள தேசிய நில அளவை அலுவலகத்தில் 1930-களிலிருந்து எடுத்த வான்படங்கள் இருக்கின்றன, கேட்டால் தருவார்கள். கேட்டோ மேனரின் பழைய வான்படம் ஒன்றை வாங்கி, கியூ-ஜி.ஐ.எஸ் என்ற வரைபட மென்பொருளில் இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்தச் சொல்லுங்கள். மாறாத நான்கைந்து புள்ளிகளைக் கண்டுபிடித்தால்தான் படம் உட்காரும். அங்கே சிக்கல் தொடங்குகிறது: வீடுகள் இல்லை, பாதைகள் இல்லை. 1950-இன் குழுப் பகுதிச் சட்டத்தின்படி கேட்டோ மேனர் வெள்ளையர் பகுதியாக அறிவிக்கப்பட்டு, இந்தியர் சாட்ஸ்வொர்த்துக்கும் ஆப்பிரிக்கர் குவாமாஷுவுக்கும் அனுப்பப்பட்டார்கள். அதன்பின் நிலம் நெடுங்காலம் புல் முளைத்துக் கிடந்தது. அப்படியானால் எந்தப் புள்ளியைப் பிடிப்பது? சாலை வளைவு, ஓடை, கோயில். செகண்ட் ரிவர் கோயில் என்று எல்லோரும் சொல்லும் அம்பலவாணர் ஆலயம் நின்றுகொண்டிருக்கிறது. உம்பிலோ ஆற்றங்கரையில் இருந்த பழைய கோயில் 1905 வெள்ளத்தில் போனபின் வேறிடத்தில் கட்டியது. வீடுகளை இடித்தவர்கள் கோயில்களை விட்டுவைத்ததால், கோயில்தான் இன்று மென்பொருளுக்கு ஆதாரப் புள்ளி. மாணவர்கள் இதைத் தாங்களே கண்டுபிடிக்கும்படி விடுங்கள், முன்கூட்டிச் சொல்லிவிடாதீர்கள்.

படம் பொருந்தியதும் ஒரு நாள் அங்கே நடந்து போய் வாருங்கள். பழைய வீட்டு மனை எது என்று போனில் பார்த்து, அந்த இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று குறிக்க வேண்டும். சில இடங்களில் மாமரம் மட்டும் இருக்கும்.

எட்டாம் படி: கப்பல் பட்டியல்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து டிரூரோ கப்பல் டர்பனுக்கு வந்தது. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக வந்தார்கள். பெரும்பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலில் உள்ள அடையாளம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் உள்ள காந்தி-லுத்துலி ஆவண மையம் இந்தப் பட்டியல்களைக் கணினிக்கு ஏற்றியிருக்கிறது.

ஒரு கப்பலை மட்டும் எடுத்து விரிதாளில் போட்டு, மாவட்டவாரியாக எண்ணி, தமிழ்நாட்டு வரைபடத்தில் புள்ளி வைக்கச் சொல்லலாம். தமிழ் தெரிந்த ஆசிரியருக்கு இங்கே வேலை உண்டு. ஆங்கிலேயக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர்களை உரக்கப் படித்தால் நமக்குப் பிடிபடும், மாணவர்களுக்குப் பிடிபடாது. ஊகத்தையும் உறுதியையும் தனித்தனி நெடுவரிசையில் வையுங்கள். ஆண்களுக்கு எத்தனை பெண்கள் என்றும் எண்ணச் சொல்லுங்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்பது விதி. கப்பல் கப்பலாக ஒப்பிட்டால் அந்த விதி எப்படி நடந்தது என்று தெரியும்.

கோவெண்டர், மூட்லி, பிள்ளை, நாயுடு என்று பெயர் கொண்ட மாணவர்கள் பாட்டன் பெயரைத் தேடத் தொடங்குவார்கள். சாதி நெடுவரிசையைப் பார்த்துத் திடுக்கிடுவார்கள்; வீட்டில் சொன்ன கதை ஒன்றாகவும் பட்டியலில் இருப்பது வேறாகவும் இருக்கும். வகுப்பில் எல்லோர் முன்னும் அதைத் திறந்து பார்க்கச் சொல்லாதீர்கள்.

ஒன்பதாம் படி: குரல் பதிவு

வயதானவர்களிடம் "நிறவெறிக் காலம் எப்படி இருந்தது?" என்று கேட்டால் பொதுப்படையான பதில்தான் வரும். "சாட்ஸ்வொர்த்துக்கு மாறிய முதல் வாரம் வேலைக்கு எந்தப் பேருந்தில் போனீர்கள்? டிக்கெட் எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். கூழ் ஊற்றும் பூசைக்கு எந்தக் கோயிலுக்குத் திரும்பிப் போனீர்கள் என்று கேளுங்கள். வீடு போன பிறகும் பழைய கோயிலுக்கே வந்த குடும்பங்கள் நிறைய. பதிவு செய்ய சாதாரண போன் ரெக்கார்டரே போதும். மின்விசிறியை அணைத்துவிட்டு, போனை ஒரு துண்டின்மேல் வையுங்கள்.

பேச்சை எழுத்தாக்க விஸ்பர் போன்ற கருவிகள் இருக்கின்றன. சொந்தக் கணினியிலேயே ஓட்டுங்கள், குரலை அந்நியத் தளத்தில் ஏற்ற வேண்டாம். டர்பன் ஆங்கிலத்தில் தமிழும் ஜூலுவும் கலந்து வரும்போது அது தடுமாறும். மௌனமான இடங்களில் யாரும் சொல்லாத வாக்கியத்தைத் தானே சேர்த்துவிடுவதும் உண்டு. ஆகவே பதிவை முழுக்கக் கேட்டுத் திருத்தியவருக்குத்தான் மதிப்பெண். செயற்கை நுண்ணறிவில் கட்டுரை எழுதித் தருகிறார்களே என்று கவலைப்படுகிறவர்களுக்கும் இதே மருந்துதான்: குறிப்பேட்டின் பக்கத்தைக் குறிப்பிடாத வாதத்துக்கு மதிப்பெண் இல்லை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மதிப்பெண், நாட்காட்டி, கோப்பு

இறுதிப் படைப்புக்கு, வரைபடத்தின்மேல் கதை சொல்ல உதவும் ஸ்டோரிமேப்-ஜே.எஸ் எளிது. ஆனால் அழகான திரைக்கு மதிப்பெண் கொடுக்கத் தொடங்கினால் கேமரா நல்லதாக உள்ளவர் ஜெயிப்பார். பாதி மதிப்பெண்ணைக் கள நோட்டுக்கு வையுங்கள். கால் பங்கை, மற்றொரு குழுவின் அடுக்கைப் பார்த்துத் தன் கருத்தை எங்கே மாற்றிக்கொண்டேன் என்று எழுதும் இரண்டு பக்கத்துக்கு வையுங்கள். மீதியைப் படைப்புக்கு.

முதல் பருவம் பிப்ரவரியில் தொடங்கும். வெயிலும் புழுக்கமும் அதிகம், பிற்பகலில் இடியோடு மழை வரும். நடையைக் காலை ஒன்பதுக்குள் முடிப்பது உத்தமம். ஈஸ்டர் சமயத்து இசிப்பிங்கோ மாரியம்மன் திருவிழா இந்தப் பருவத்தில்தான். தைப்பூசக் காவடி பருவத் தொடக்கத்தையொட்டி வரும், சில ஆண்டுகளில் அதற்கு முன்பே வந்துவிடும். கூழ் பூசைகள் ஜூலை, ஆகஸ்டில். குளிர்காலம் நடப்பதற்குச் சுகம், எனக்குப் பிடித்ததும் அதுதான்.

கோப்புகளுக்குத் தேதி, இடம், குழு என்ற வரிசையில் பெயர் வைக்கச் சொல்லுங்கள். ஒப்புதல் படிவங்களைத் தனியாகப் பூட்டி வையுங்கள். பேட்டி கொடுத்தவர்களுக்குப் பதிவின் பிரதியை வாட்ஸ்அப்பிலாவது அனுப்புங்கள். பதினைந்து நிமிட எண்ணிக்கையை மட்டும் தனி விரிதாளில் சேர்த்து, எந்த முனை, எந்தக் கிழமை, எந்த நேரம் என்று எழுதி அடுத்த ஆண்டு வகுப்புக்குக் கொடுங்கள். அவர்கள் அதே முனையில், அதே கிழமையில் நின்று எண்ணட்டும்.